நீர் மாத்திரையும் நேர்த்திக்கடனும்

இதய வால்வு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறவரின் மருந்துச் சீட்டில் சமய வாழ்க்கையோடு நேரடியாக மோதுவது நீர் மாத்திரை ஒன்றுதான். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையும் நாடித்துடிப்பை அடக்கும் மாத்திரையையும் விழுங்கிவிட்டு எந்தச் சந்நிதியிலும் நிற்கலாம். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. நீர் மாத்திரை அப்படி விடாது. விழுங்கி அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடிவயிறு முட்டத் தொடங்கும். அடுத்த நான்கைந்து மணி நேரம் கழிப்பறை எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். தரிசன வரிசையில் நிற்பவரை அது வெளியே இழுக்கிறது. மடியாக இருப்பவரைத் திரும்பத் திரும்பக் கால் கழுவ வைக்கிறது. பட்டினி கிடப்பவரின் உடலில் இருக்கும் கொஞ்சம் நீரையும் எடுத்துக்கொள்கிறது. விசேஷ நாள் வந்தால் முதலில் கைவிடத் தோன்றுவது அந்த மாத்திரையைத்தான். அப்படிக் கைவிடுவது பக்தியா, கடமை தவறுதலா என்பது மருத்துவர் மட்டும் சொல்லித் தீரக்கூடிய கேள்வி இல்லை. ஒரு பக்கம் ஸ்ரீரங்கமும் மறுபக்கம் சமயபுரமும் இருக்க, ஊருக்கு அருகிலேயே பெருமாள்மலையும் நிற்கும் துறையூர் வட்டாரத்தில் அது ஆண்டு முழுவதும் ஏதாவதொரு மாதத்தில் எழுந்துகொண்டே இருக்கும் கேள்வி.

வால்வு ஆபரேஷனின்போது இதயத்தை நிறுத்திவிட்டு, ரத்தத்தை வெளியே உள்ள இயந்திரம் ஒன்றின் வழியாகச் சுற்றவிடுகிறார்கள். இயந்திரத்தின் குழாய்களை நிரப்பும் உப்புத் திரவம் ரத்தத்தோடு கலந்துவிடுகிறது. செயற்கைப் பரப்புகளைத் தொட்டு ஓடிய ரத்தம் உடலெங்கும் அழற்சியைக் கிளப்ப, நுண்குழாய்ச் சுவர்கள் கசிந்து நீர் தசைகளில் தேங்குகிறது. அதனால் ஆபரேஷன் முடிந்தவரின் எடை சில கிலோ கூடியிருப்பது வழக்கம். அந்த எடை பழைய அளவுக்கு இறங்க வேண்டும். லாசிக்ஸ் என்ற பெயரில் அறியப்படும் ஃப்ரூசிமைடும், டார்செமைடும் அதற்காகத்தான் தரப்படுகின்றன. சிறுநீரக நுண்குழலின் ஒரு வளைவில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு ஆகியவை ரத்தத்துக்குத் திரும்பிச் செல்வதை இவை தடுக்கின்றன. உப்பு வெளியேறும்போது நீரும் கூடவே போகிறது. 1950களின் இறுதிவரை இந்த வேலைக்குப் பாதரசக் கலவை ஊசிகள் பயன்பட்டன என்பதை நினைத்தால், இன்றைய மாத்திரை எவ்வளவு சாதுவானது என்பது விளங்கும்.

தமிழ்நாட்டில் வால்வு பழுதடையப் பெரிய காரணம் ருமாட்டிக் காய்ச்சல். சிறு வயதில் தொண்டைப் புண்ணாக வந்துபோன தொற்று, பல ஆண்டுகள் கழித்து மைட்ரல் வால்வைச் சுருக்கி நுரையீரலில் நீர் கோக்க வைக்கிறது. இப்படிப்பட்டவருக்கு நீர் மாத்திரை ஆபரேஷனுக்கு முன்பே பழக்கம். ஆபரேஷன் முடிந்ததும் அது தேவையில்லை என்று எண்ணுவதும் இயல்பு. சித்த மருத்துவத்திலும் நீரிறக்கும் மூலிகைகள் உண்டு. நெருஞ்சிலும் நீர்முள்ளியும் குடிநீராகக் காய்ச்சப்படுகின்றன. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளையும் அந்த வகையில் சேர்ந்ததே. லாசிக்ஸ் சாப்பிடுகிறவர் யாரிடமும் சொல்லாமல் நெருஞ்சில் கஷாயத்தையும் சேர்த்துக் குடிப்பது, ஒரே வேலைக்கு இரண்டு ஆட்களை வைத்து மூன்று ஆள் வேலை வாங்குவது போலாகும்.

வால்வே ஒரு சமயக் கேள்வியை எழுப்புவதும் உண்டு. பொருத்தப்படுவது செயற்கை வால்வாக இருக்கலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு அந்த வகை. அல்லது மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்த திசு வால்வாக இருக்கலாம். பன்றி இஸ்லாமியருக்கு விலக்கப்பட்டது, மாடு இந்துக்களுக்குப் புனிதமானது. ஆனால் உயிர் போகும் கட்டாயத்தில் விலக்கப்பட்டதும் ஆகும் என்ற நெறி இஸ்லாமியச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. இந்து தர்ம நூல்களின் ஆபத்தர்மப் பகுதியும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. அந்தக் கேள்வி ஆபரேஷனுக்கு முன்பே ஒரு முறை கேட்கப்பட்டு முடிந்துவிடுகிறது. நீர் மாத்திரையின் கேள்வி ஒவ்வொரு நாள் காலையிலும் திரும்ப வருகிறது.

அந்தக் கேள்வியில் ஒரு சிக்கல் இருக்கிறது. விரதத்துக்கும் மருந்துக்கும் மோதல் வரும்போது பொதுவாகச் சொல்லப்படும் சமரசம், விரதத்தையும் விடாமல் மாத்திரையையும் விடாமல் இருப்பது. மற்ற மாத்திரைகளுக்கு அது ஓரளவு செல்லும். நீர் மாத்திரைக்குச் செல்லாது, ஏனென்றால் பட்டினியும் அந்த மாத்திரையும் உடலில் ஒரே திசையில் வேலை செய்கின்றன. மாத்திரையை நிறுத்திவிட்டு விருந்து சாப்பிட்டால் இரண்டு மூன்று நாளில் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், எடை இரண்டு கிலோ ஏறும். மாத்திரையை விழுங்கிவிட்டுத் தண்ணீரை நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து, எழுந்து நின்றதும் கண் இருட்டும், சிறுநீரகம் கெடும், பொட்டாசியம் குறைந்து துடிப்பு தாறுமாறாகும். வால்வு ஆபரேஷனுக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் துடிப்புக் கோளாறு எப்படியும் எட்டிப் பார்க்கிறது. பொட்டாசியம் குறைவது அதற்கு வழி திறந்துவிடும். செயற்கை வால்வு உள்ளவர் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையையும் அன்று தவறவிட்டால் வால்வில் ரத்தக்கட்டி படியும் ஆபத்தும் சேர்கிறது. மார்கழியில் இந்த நீரிழப்பின் ஆபத்து ஒரு பங்கு என்றால், சித்திரை வெயிலில் திருச்சி 40 டிகிரியைத் தாண்டும்போது பல பங்கு.

இந்து மரபின் மிகப் பழைய விலக்கு இந்த இடத்தில்தான் போதாமல் போகிறது. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில், விதுரர் திருதராட்டிரனுக்குச் சொல்லும் நீதிகளுக்கு நடுவே, விரதத்தைக் கெடுக்காத எட்டுப் பொருள்களின் பட்டியல் வருகிறது. தண்ணீர், கிழங்கு, பழம், பால், நெய், அந்தணரின் விருப்பம், குருவின் சொல் ஆகியவற்றோடு எட்டாவதாக நிற்பது மருந்து. பிற்கால விரத நூல்களும் இந்தப் பட்டியலை எடுத்தாள்கின்றன. துறையூரில் உள்ள நோயாளியிடம் இதைச் சொல்லி, மருந்து விரதத்தைக் கெடுக்காது, தாராளமாக மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று தேற்றினால், அவர் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஏகாதசி இருப்பார். மாத்திரையே இல்லாத விரதத்தைவிட அது மோசம். பட்டியலில் மருந்துக்கு முன்னால் தண்ணீரும் பழமும் பாலும் இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த விலக்கு முழுமையாகிறது.

விலக்கு என்ற சொல்லாலேயே நோயாளி ஆறுதல் அடைவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். முப்பது வருடமாக ஒரு விரதத்தை விடாதவரிடம் இந்த வருடம் உங்களுக்கு வேண்டாம் என்றால், அவர் காதில் விழுவது நீங்கள் இந்தக் கூட்டத்தில் இல்லை என்பதே. அவருக்கு வேண்டியது மன்னிப்பு இல்லை, செய்வதற்கு வேறொன்று. திருச்சி வட்டாரச் சமய மரபுகளைக் கூர்ந்து பார்த்தால், அவை விலக்கைவிட மாற்றையே அதிகம் வைத்திருக்கின்றன.

சமயபுரத்துப் பச்சைப் பட்டினி விரதம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மாசி மாதக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலோடு தொடங்கி, பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள் மாரியம்மனே விரதம் இருக்கிறாள். பக்தர்களின் நலத்துக்காக அம்மன் பட்டினி கிடப்பது என்பது பிற கோயில்களில் எளிதில் காண முடியாத ஏற்பாடு. அந்த நாள்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் இவைதான் படையல். துறையூர்ப் பக்கத்திலிருந்து புலிவலம், மண்ணச்சநல்லூர் வழியாகப் பூத்தட்டோடு நடந்து வருபவர்களும் அம்மனோடு சேர்ந்து அதே உணவில் இருப்பார்கள். வால்வு நோயாளிக்கு அந்தப் படையலின் ஒவ்வொரு பொருளும் ஒரு கணக்கு. நீர்மோரில் உப்பு இருக்கிறது. நீர் மாத்திரை இறக்கும் நீரை உப்பு மறுபடி பிடித்து வைக்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. லாசிக்ஸ் மட்டும் சாப்பிடுகிறவருக்கு அது ஓரளவு நல்லது, ஆனால் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையும் சேர்ந்திருந்தால் அதே இளநீர் இதயத் துடிப்பைக் குழப்பிவிடும். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குள் என்று மருத்துவர் அளவு போட்டிருந்தால் பானகமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

ஆனால் இந்த விரதத்தின் சமயப் பொருள் எதிர்த்திசையில் நிற்கிறது. பட்டினி கிடப்பவள் அம்மன். யாருக்காக என்றால், தம்மால் முடியாதவர்கள் உட்பட எல்லாப் பக்தர்களுக்காகவும். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரமான நோயாளி அந்த 28 நாளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரையை விழுங்கி, காலையில் எழுந்ததும் எடை பார்த்துக் குறித்து வைத்தால், அம்மனின் விரதம் யாருக்காக நோற்கப்படுகிறதோ அந்த இடத்தில் அவர் இருக்கிறார். இதைவிடத் தெளிவான மாற்றை எந்தச் சாத்திரமும் தரவில்லை. அதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு என்பதுதான் குறை.

ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசியின் கணக்கு வேறு. பகல் பத்து முடிந்து, மார்கழி வளர்பிறை ஏகாதசி விடியலுக்கு முன் பரமபத வாசல் திறக்கிறது. இரத்தின அங்கியில் எழுந்தருளும் நம்பெருமாளின் பின்னால் கடக்க இரவு முழுவதும் கூட்டம் காத்து நிற்கும். பட்டினி, கண்விழிப்பு, குளிர், நெரிசல், நீண்ட நிற்பு என நீர் மாத்திரைக்கு ஒவ்வாத அனைத்தும் ஒரே இரவில் கூடுகின்றன. ஏகாதசி விதியைப் படித்தால் அது இவ்வளவு கடுமையாக இல்லை. விரதக் கட்டாயம் எட்டு வயதுக்கு மேல், எண்பது நிறையும் வரை என்பது பழைய வரம்பு. அந்த வயதுக்குள் இருந்தும் முடியாதவருக்கு நக்தம் என்னும் ஒரு வேளை இரவு உணவு, பழம் பால் மட்டும் என்பன போன்ற படிகளை நிபந்தங்கள் என்னும் தர்மத் தொகுப்பு நூல்கள் வரிசைப்படுத்துகின்றன. அதற்கும் முடியாதவருக்காக மகனோ மனைவியோ உடன்பிறந்தவரோ பதிலாளாக இருந்து நோற்கலாம். பலன் இருவருக்கும் உண்டு. முழு விரதம் ஒன்றுதான் விரதம், மற்றதெல்லாம் ஏமாற்று என்னும் கடுமை நூலில் இருப்பதைவிட வீட்டுக்குள் அதிகம்.

மறுநாள் துவாதசிப் பாரணையிலும் ஒரு கண்ணி உண்டு. அகத்திக்கீரை, சுண்டைக்காய், நெல்லிக்காய் சேர்த்து விரதம் முடிப்பது மரபு. கீரையில் உள்ள வைட்டமின் கே, வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளுக்கு நேர் எதிராக வேலை செய்கிறது. ஒரு நாள் முழுப் பட்டினி, மறுநாள் ஒரு கிண்ணம் கீரை என்று அலைந்தால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவும் அலையும். கீரையே கூடாது என்பது தவறான பயம். வாரந்தோறும் ஒரே அளவாகச் சாப்பிடுவதே முறை. பாரணைக்கு ஒரு துளிக் கீரை போதும் என்பதை எந்தப் பட்டரும் மறுக்க மாட்டார்.

இஸ்லாமியச் சட்டம் இந்து மரபுக்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்கி ஏறக்குறைய அதே ஊருக்கு வந்து சேர்கிறது. அங்கே வாய்வழி விழுங்கும் மாத்திரை நோன்பை முறிக்கும். எட்டாவது பொருளாக மருந்தை விட்டு வைக்கும் பட்டியல் இல்லை. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை மட்டும், கரைந்ததை விழுங்காத வரை நோன்பை முறிக்காது என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி முடிவு சொன்னது. ஆகவே ரமலானில் நீர் மாத்திரைக்கும் நோன்புக்கும் இடையே மறைவான சமரசம் எதுவும் இயலாது. ஒன்று இருந்தால் மற்றொன்று இல்லை. இந்தக் கண்டிப்புதான் நோயாளிக்கு நல்லதாகிறது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் நோயாளியும் பயணியும் வேறு நாள்களில் நோன்பை நிறைவு செய்யலாம் என்றும், இயலாதவர் ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம் என்றும் வகுக்கிறது. இறைவன் நாடுவது எளிமையை, கஷ்டத்தை அல்ல என்பதையும் அதே இடத்தில் சேர்க்கிறது. விடாமல் நோற்பவர்கள் மாத்திரையை நோன்பு திறக்கும் இஃப்தார் நேரத்துக்கு மாற்றிக்கொள்வதுண்டு. அப்போது நோன்புக் கஞ்சியின் உப்பும் நீரும், பேரீச்சம்பழத்தின் பொட்டாசியமும், இரவின் தராவீஹ் தொழுகையின் நடுவே எழும் அவசரமும் ஒன்றாக வந்து சேரும். தமிழ்நாட்டில் பகல் நோன்பு பதின்மூன்று, பதினான்கு மணி நேரம். ஆபரேஷன் முடிந்த முதல் மாதங்களில் அதைத் தாங்குவது இயலாது என்று மருத்துவர் சொன்னால், அந்தச் சொல்லையே நோய் உண்டு என்பதற்கான சான்றாக மார்க்க அறிஞர்கள் ஏற்கிறார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் இந்தச் சிக்கல் மிகவும் இளகிவிட்டது. 1953இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) தண்ணீர் நற்கருணை நோன்பை முறிக்காது என்று அறிவிக்கும் வரை, நள்ளிரவிலிருந்து ஒரு மிடறு தண்ணீரும் கூடாது. இன்றைய திருச்சபைச் சட்டத்தில் நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் மட்டுமே நோன்பு. தண்ணீரும் மருந்தும் அதில் அடங்கா. முதியவருக்கும் நோயாளிக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கும் அந்த ஒரு மணி நேரமும் இல்லை. நோயாளியோடு உடனிருப்பவரையும் சேர்த்து எண்ணிய சட்டம் இது. தவக்காலத்தின் கட்டாய நோன்பு நாள்கள் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான்.

விரதத்தைவிடக் கடினமானது நேர்த்திக்கடன். ஆபரேஷனுக்கு முன்னால், பயத்தில், நல்லபடியாக எழுந்தால் நடந்து வருகிறேன், தீச்சட்டி எடுக்கிறேன், அங்கப்பிரதட்சிணம் செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டதற்கு வயது வரம்பு கிடையாது, அது கடன். ஆபரேஷனில் அறுத்த மார்பெலும்பைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அது கூட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் தரையில் புரளுவதும், சாஷ்டாங்கமாக விழுவதும், துறையூர்ப் பெருமாள்மலையின் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளைப் புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஏறுவதும் கடனை அடைப்பதற்குப் பதிலாகப் புதுக் கடன் வாங்குவதாகும். நடைப் பயணத்துக்காக நீர் மாத்திரையை நிறுத்துவது இன்னும் எளிதாக நடக்கும். சாலையோரத்தில் ஒதுங்க இடம் இல்லாத பெண்களுக்கு அது ஏறக்குறைய கட்டாயமே ஆகிவிடுகிறது. இதைப் பக்திப் பிரச்சினையாக மட்டும் பேசுவது அநியாயம். பாதயாத்திரைப் பாதையில் கழிப்பறை கட்டுவது ஒரு சமயப் பணி.

நேர்ந்துகொண்டதை மாற்றலாமா என்பதற்கு மூன்று மரபுகளும் பதில் வைத்திருக்கின்றன. ஹஜ்ஜுக்கு நடந்தே போவதாக நேர்ந்துகொண்ட ஒரு முதியவர் இரு மகன்கள் தாங்கிப் பிடிக்கத் தள்ளாடி நடந்ததைக் கண்ட நபிகள், இவர் தம்மைத் தாமே வதைத்துக்கொள்வது இறைவனுக்குத் தேவையில்லை என்று கூறி, வாகனத்தில் ஏறச் சொன்னதாக ஹதீஸ் பதிவு செய்கிறது. திருச்சபைச் சட்டம் நேர்ச்சையை வரையறுக்கும்போதே, அது இயலக்கூடிய ஒரு நன்மையைப் பற்றிய வாக்குறுதி என்கிறது. இயலாததைக் கடவுளுக்கு யாரும் கடன்படவில்லை. தனிப்பட்ட நேர்ச்சையை அதற்கு நிகரான அல்லது மேலான நன்மையாக நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளவும் அது இடம் தருகிறது. சைவத்தில் சட்டத்துக்குப் பதிலாக ஒரு வரலாறு இருக்கிறது. கயிலை காணப் புறப்பட்ட திருநாவுக்கரசர் கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்தபோது, முனிவர் வடிவில் வந்து மேலே போகாதே என்று தடுத்தவர் சிவனே. அங்கிருந்த பொய்கையில் மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். கயிலைக் காட்சி அங்கே கிடைத்தது. பெரியபுராணத்தில் கண்ணைப் பெயர்த்துக் கொடுத்த கண்ணப்பரும் இருக்கிறார், உண்மைதான். ஆனால் அந்த நூலும் கண்ணப்பரைப் பின்பற்றும்படி யாரையும் கேட்கவில்லை. ஒரு கண்ணைக் கொடுத்தவர் மற்றக் கண்ணையும் பெயர்க்கப் போனபோது இறைவன் கையைப் பிடித்து நிறுத்தியதோடுதான் அந்தக் கதை முடிகிறது.

வீட்டுப் பழக்கமும் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறது. நேர்ந்ததை உரிய நாளில் செய்ய முடியாதபோது, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சாமி படத்தின் முன் வைப்பார்கள். கடன் தள்ளுபடி ஆகவில்லை, தவணை மாறியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆபரேஷன் முடிந்தவருக்கு அடுத்த பங்குனிவரை இதைவிட நல்ல பத்திரம் கிடையாது.

அடிக்கடி சிறுநீர் கழிப்பது தூய்மையைக் குலைக்கிறது என்ற தயக்கத்துக்கும் நூல்களில் இடம் இருக்கிறது. நீரில் முழுகும் குளியல் இயலாதவருக்கு மந்திர ஸ்நானம், திருநீற்று ஸ்நானம், மனத்தால் செய்யும் ஸ்நானம் என்று ஏழு வகைக் குளியல்களைத் தர்ம நூல்கள் எண்ணுகின்றன. ஆபரேஷன் காயம் ஆறாத மார்பில் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டு மடி காக்க வேண்டியதில்லை. தொடர்ந்து நீர் கசியும் நோயாளிக்கு ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒரு முறை ஒளூ என்னும் தூய்மை செய்தால் போதும் என்பது இஸ்லாமியச் சட்டம். குனிய முடியாதவர் நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழலாம்.

எல்லாவற்றுக்கும் பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஸ்ரீரங்கத்தில் அது மற்ற ஊர்களைவிட ஆழமாகக் கேட்கப்பட்ட கேள்வி. காப்பவன் அவன் என்று ஒப்புக்கொடுத்த பிறகு மாத்திரை எதற்கு? தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி, தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டி என்று வைணவத்தின் இரு பிரிவுகளான வடகலையும் தென்கலையும் வாதிட்டது இதைச் சுற்றித்தான். ஜீவனின் சொந்த முயற்சி அருளுக்கு இடையூறே என்று தென்கலை ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் எழுதினார். ஆனால் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தை நெருங்கியபோது நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு தெற்கே காடுமேடு கடந்து போனவரும் அவரே; முதிய வயதில் அந்த அலைச்சலிலேயே மதுரைக்கு அருகில் உயிர் நீத்தார். அதே படையெடுப்பில் வடகலை ஆசாரியர் வேதாந்த தேசிகர் பிணங்களுக்கிடையே கிடந்து சுருதப்பிரகாசிகை என்னும் உரைநூலின் ஏடுகளைக் காத்தார் என்பது மரபு. கொள்கையில் எதிரெதிராக நின்ற இருவரும் காப்பாற்ற வேண்டியதைக் கையால்தான் காப்பாற்றினார்கள். முயற்சி கூடாது என்றது மோட்சத்துக்கு, மூச்சுக்கு இல்லை. வைணவம் உடலை ஆண்டவனின் உடைமை என்று பார்க்கிறது. பிறர் உடைமையைக் கையில் வைத்திருப்பவர் அதைக் கெட விடுவதைச் சரணாகதி என்று சொல்ல முடியாது. ராமாநுஜரின் சரணாகதி கத்யமும் உடல் விழும்வரை திருவரங்கத்தில் சுகமாக இருப்பதையே பெருமாளின் அருளாகப் பேசுகிறது.

கோயிலே இதற்குச் சான்று வைத்திருக்கிறது. ஸ்ரீரங்கம் பெரிய கோயிலுக்குள் தன்வந்திரிக்கு ஒரு சந்நிதி உண்டு. படையெடுப்பில் பாழான ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்து, தன்வந்திரியை அங்கே எழுந்தருளச் செய்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. சோழர் காலத்திலேயே, காஞ்சிக்கு அருகே திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திரன் காலத்து மருத்துவமனை பதினைந்து படுக்கைகளோடு இயங்கியது. மருந்தைப் பிராகாரத்துக்கு வெளியே நிறுத்தி வைக்கும் பழக்கம் இந்த மரபில் பழையது அல்ல.

இனி, யார் முடிவு செய்வது என்ற கேள்வி. திருக்குறளின் மருந்து அதிகாரம் சிகிச்சையை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து செய்பவர் என நான்காகப் பிரித்து முடிகிறது. அந்த நான்காமவரே பெரும்பாலான வீடுகளில் விரத நாளைக் காலண்டரில் பார்ப்பவரும் மாத்திரையை எடுத்துக் கொடுப்பவரும். விசேஷத்துக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். ஒரு நாள் மட்டும் காலை மாத்திரையைத் தரிசனம் முடிந்த பிற்பகலுக்குத் தள்ளலாமா, அளவைக் குறைக்கலாமா, எத்தனை டம்ளர் தண்ணீர் என்பவை அவரிடம் விடை உள்ள கேள்விகள். ஆனால் மாத்திரையை இரவுக்குத் தள்ளினால் தூக்கம் கெடும், இருட்டில் கழிப்பறைக்குப் போய் விழும் ஆபத்தும் உண்டு. தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு, அடுத்த நாள் இரட்டிப்பாக விழுங்குவதை மட்டும் எந்த மருத்துவரும் ஒப்பமாட்டார்.

நீர் மாத்திரை எல்லோருக்கும் ஒரே காலம் வரை தேவைப்படுவதில்லை. எடை பழைய அளவுக்கு இறங்கி, எக்கோ பரிசோதனையில் புதிய வால்வு சரியாக இயங்கி, இடது கீழறை நன்றாகச் சுருங்கினால், சில வாரங்களிலோ மாதங்களிலோ அது நிறுத்தப்படும். வால்வு பழுதாகப் பல ஆண்டு இருந்து கீழறை தளர்ந்துவிட்டவர்களுக்கும் நுரையீரல் அழுத்தம் கூடியவர்களுக்கும் அது நிலையாக நீடிக்கும். சமயக் கடமையும் அந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. முதல் வகையினர் தாற்காலிக நோயாளிகள்: இஸ்லாமியச் சட்டப்படி விடுபட்ட நோன்புகளைப் பின்னால் நோற்பவர்கள், மஞ்சள் துணி முடிச்சை அடுத்த ஆண்டு அவிழ்ப்பவர்கள். இரண்டாம் வகையினருக்கு நோன்புக்கு ஈடு ஏழைக்குச் சோறு. ஏகாதசிக்கு ஈடு பழமும் பாலும், அல்லது மகன் நோற்கும் விரதம். பாதயாத்திரைக்கு ஈடு சமயபுரம் வரை பஸ். எந்த வகை என்பது ஆபரேஷன் அன்று தெரியாது. மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து எடுக்கும் எக்கோ அறிக்கையில்தான் தெரியும்.